நான்காவது பெண்ணின் புள்ளி

ஸ்பீட்வே என்கிற மோட்டார் சைக்கிள் பந்தயம் நம் பக்கத்தில் நடப்பதில்லை. ஆனாலும் அதன் அணிக் கோப்பையில் புள்ளி எண்ணும் முறையை நாம் கடன் வாங்கிக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். பெண்கள் எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்று அளக்க அது உதவும்.

மண் பரப்பிய முட்டை வடிவத் திடல். 500 சி.சி. வண்டி; ஒரே கியர், மெத்தனால் எரிபொருள். பிரேக் கிடையாது. நான்கு பேர், நான்கு சுற்று, எப்போதும் இடப்புறத் திருப்பம். பின் சக்கரத்தை வழுக்கவிட்டுத்தான் வளைய வேண்டும். உலக அணிக் கோப்பை 1960-இல் தொடங்கியது. முதல் முறை ஸ்வீடன் வென்றது. 2001 முதல் அது ஸ்பீட்வே உலகக் கோப்பை. 2018-இல் இருவர் கொண்ட அணிகளின் போட்டி அதன் இடத்துக்கு வந்தது. 2023-இல் உலகக் கோப்பை திரும்ப நடந்தபோது போலந்து வென்றது.

இந்தக் கோப்பையின் விதி எளிமையானது. ஒவ்வொரு ஓட்டத்திலும் நாட்டுக்கு ஒருவர். முதலில் வருபவருக்கு 3 புள்ளி, அடுத்தவர்களுக்கு 2, 1. கடைசியில் வருபவருக்கு ஒன்றுமில்லை. ஒரே நாட்டுக்காரர்கள் ஒரே ஓட்டத்தில் சேர்ந்து ஓடுவதில்லை. தனித்தனியாக ஓடுகிறார்கள், கூட்டுத்தொகை மட்டும் பொதுவானது. அண்மைக் காலத்தில் அணியின் முதன்மை ஓட்டுநர்கள் நால்வர். உலகிலேயே வேகமான ஒருவரை வைத்துக்கொண்டு மற்ற மூவரை மறந்த நாடு கோப்பையைத் தொட முடியாது. நான்காவது ஆள் மூன்றாவதாக வந்து வாங்கும் ஒற்றைப் புள்ளியும் கணக்கில் ஏறுகிறது.

இவ்வளவு நியாயமாகக் கூட்டத் தெரிந்த விளையாட்டு, பெண்களைக் கூட்டலுக்கு வெளியே வைத்தது. உலகக் கோப்பையை வென்ற எந்த அணியிலும் பெண் இருந்ததில்லை. இது திறமைக் குறைவால் நேர்ந்ததா? ஸ்பீட்வே பிரிட்டனுக்கு வந்த 1928-லேயே பெண்கள் திடலில் இருந்தார்கள். அயர்லாந்தைச் சேர்ந்த ஃபே டெய்லர் ஆஸ்திரேலியா வரை சென்று பெயர் வாங்கினார். 1930-இல் பிரிட்டனில் பெண்களுக்குத் தடை வந்தது. அவர் கார் பந்தயத்துக்குப் போனார். பிற்காலத்தில் பாசிச ஆதரவாளராகி 1940-இல் காவலில் வைக்கப்பட்டவரும் அவரே. முன்னால் ஓடிய பெண் என்பதற்காக ஒருவரைத் தோழியாக்கிவிட முடியாது. ஆனால் தடை அவருடைய அரசியலுக்காக வரவில்லை. பெண் என்பதே காரணம்.

மோட்டார் பந்தயத்திலிருந்து பெண்களை விலக்கியவர்கள் ஆபத்தையும் உடலின் மென்மையையும் சொல்லித்தான் விலக்கினார்கள். மரக்காணம் உப்பளக் கரையில் வளர்ந்த எனக்கு இந்த வாதம் வேடிக்கையாக இருக்கிறது. எங்கள் ஊரில் பாத்தியில் விளைந்த உப்பைக் கூடையில் அள்ளி, வழுக்கும் வரப்பில் நடந்து, அம்பாரத்தில் கொட்டும் தலைச்சுமை பெரும்பாலும் பெண்களுடையது. கால் வெடித்து உப்பு ஏறும். வெண்மையில் கண் கூசும். பெண்ணுடல் தாங்காது என்று அங்கே எந்தச் சங்கமும் தடை போட்டதில்லை. மென்மை என்ற பேச்சு பந்தயத் திடலின் வாசலில் மட்டும் கேட்கிறது, பாத்தியோரத்தில் கேட்பதில்லை.

இந்தியாவுக்கு வருவோம். மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953-இல் தொடங்கியது. சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில் பல ஆண்டுகள் பந்தயம் நடந்தது. 1990-இல் இருங்காட்டுக்கோட்டைக்குத் தனித் தடம் வந்தது. அங்கே இன்று பெண்கள் பிரிவு உண்டு. சென்னையின் அலிஷா அப்துல்லா பெயர் வாங்கினார். பெங்களூருவின் ஐஸ்வர்யா பிஸ்ஸே 2019-இல் பாஹா உலகக் கோப்பையின் பெண்கள் பிரிவை வென்றார். இருவரின் உழைப்பிலும் எனக்கு ஐயமில்லை. அவர்களைப் பற்றி எழுதப்படும் விதத்தில்தான் என் குறை.

‘முதல் பெண்’ என்று தலைப்பிட்டு எழுதியதும் கதை முடிந்துவிடுகிறது. அலிஷாவின் தந்தை ஆர்.ஏ. அப்துல்லாவும் பெயர்பெற்ற பைக் பந்தய வீரர். வீட்டில் வண்டி இருந்தது, கற்றுக்கொடுக்க ஆள் இருந்தார். இதைச் சொன்னால் அவர் பெருமை குறையாது. வண்டியும் ஆசானும் இல்லாத வீட்டுப் பெண் ஏன் வரவில்லை என்ற கேள்வி அப்போதுதான் பிறக்கும். ‘முதல் பெண்’ என்ற தலைப்பு அந்தக் கேள்வியை எழவிடாமல் செய்கிறது. ஒருத்தி வந்துவிட்டாள், ஆகவே கதவு திறந்திருக்கிறது, வராதது உங்கள் குற்றம் என்று மற்றவர்களிடம் சொல்லிவிடுகிறது.

அணிக் கோப்பையின் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். முதல் பெண்ணுக்கு 3 புள்ளி. நான்காவது பெண் யார்? எங்கள் ஊரில் அவள் உப்புச் சுமப்பவள். கிழக்குக் கடற்கரைச் சாலை அவள் உழைக்கும் அளத்தை ஒட்டித்தான் போகிறது. விடுமுறை நாள்களில் சென்னையிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் வரும் பைக்குகள் உப்பு அம்பாரத்தின் முன் நின்று படம் எடுத்துக்கொள்கின்றன. அவள் வீட்டிலும் வண்டி இருக்கலாம். சாவி பெரும்பாலும் கணவனிடமோ மகனிடமோ இருக்கும். அவளுக்குப் பின்னிருக்கைதான்.

அரசு 2018-இல் அம்மா இருசக்கர வாகனத் திட்டத்தில் வேலைக்குப் போகும் பெண்களுக்குப் பாதி விலை, அதிகபட்சம் 25,000 ரூபாய் மானியம் தந்தது. மீதிப் பணமும் ஓட்டுநர் உரிமமும் வேண்டும். தினக்கூலியில் வாழ்பவளுக்கு இரண்டுமே தொலைவு. 2021 மே மாதம் சாதாரண நகரப் பேருந்தில் கட்டணமில்லாப் பயணம் வந்தது. அதுதான் நான்காவது பெண் வரை நேராக வந்த புள்ளி. ஆனால் பேருந்து வரும் நேரத்துக்கு அவள் காத்திருக்க வேண்டும். விடியுமுன் பாத்திக்குப் போக வேண்டியவளுக்கு அது போதாது. இலவசப் பேருந்து இருக்கிறதே, வண்டி எதற்கு என்று கேட்பவர்கள் தங்கள் வண்டியை விற்றுவிட்டுக் கேட்டால் நன்று.

உப்பளத்தையும் பந்தயத்தையும் ஒன்றாகப் பேசுவது பொருந்துமா என்று கேட்கலாம். இரண்டிலும் கேள்வி ஒன்றே: யந்திரம் யார் கையில், கற்க நேரம் யாருக்கு, விழுந்தால் எழ அனுமதி யாருக்கு? 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை அறிவொளி இயக்கம் இதற்கு ஒரு விடை கண்டது. பல்லாயிரம் பெண்கள் சைக்கிள் கற்றார்கள். கல்குவாரிக் கூலிகளும் இருந்தார்கள், செவிலியர்களும் இருந்தார்கள். பெண்கள் சைக்கிளுக்குக் காத்திராமல் பாருள்ள ஆண்கள் சைக்கிளிலேயே ஏறினார்கள். அந்தப் பாரில் குழந்தையை உட்காரவைக்க முடிந்தது. அங்கே யாரும் முதல் பெண்ணைத் தேடி ஓடவில்லை. எத்தனை பேர் என்றுதான் எண்ணினார்கள்.

ஆகவே மாணவிகளிடம் நான் கேட்பது இது. அடுத்த முறை ‘முதல் பெண்’ செய்தியைப் படிக்கும்போது மகிழுங்கள். பிறகு உங்கள் தெருவில் எத்தனை பெண்களிடம் உரிமம் இருக்கிறது, எத்தனை பேர் பெயரில் வண்டி இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். கூட்டுத்தொகையை நாமே போடும் வரை, வென்றோமா இல்லையா என்பதை வேறு யாரோதான் நமக்குச் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.