இருளர் வாழ்க்கைத்தரம்: கணக்கெடுப்பு காட்டுவதும் காட்டாததும்

தாம்பரத்திற்குத் தெற்கே திருப்போரூர், செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் வட்டாரங்களில் வாழும் இருளர், தமிழ்நாட்டில் மிக நலிந்தவையாக வகைப்படுத்தப்பட்ட ஆறு தொல்பழங்குடிகளுள் ஒரு பிரிவினர். அவர்கள் வாழ்க்கை தலைமுறைக்குத் தலைமுறை உயர்ந்திருக்கிறதா என்ற கேள்விக்குப் பெரும்பாலும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலேயே விடை தேடப்படுகிறது. எழுத்தறிவு, வீட்டின் கூரை, மின்சாரம், குடிநீர், கழிப்பறை ஆகியவை இரு கணக்கெடுப்புகளுக்கிடையே எவ்வளவு மாறின என்று ஒப்பிடுவதே இம்முறை.

இதன் வலிமை பெரிது. மாதிரி ஆய்வுகளில் சிறிய இனங்களின் குடும்பங்கள் விரல்விட்டு எண்ணும் அளவிலேயே அகப்படும்; கணக்கெடுப்போ அனைவரையும் எண்ண முயல்கிறது. கேள்விகளும் பெரும்பாலும் மாறாமல் திரும்ப வருவதால் போக்கு தெரிகிறது. தமிழ்நாட்டுப் பழங்குடியினரின் எழுத்தறிவு 2001இல் 41.5 விழுக்காடு, 2011இல் 54.3. மாநிலத்தின் பொது விகிதம் அதே காலத்தில் 73.5இலிருந்து 80.1ஆனது. இடைவெளி 32 புள்ளிகளிலிருந்து 26ஆகக் குறைந்தது. முன்னேற்றமும் பின்தங்கலும் ஒருசேரப் புலப்படுவது இந்த எண்களால்தான்.

குறைகளில் முதலாவது, சராசரி. 2011இல் எண்ணப்பட்ட 7,94,697 பழங்குடியினரில் 3,57,980 பேர் கொல்லிமலை, கல்வராயன் மலை போன்ற இடங்களில் பயிர் செய்து வாழும் மலையாளிகள். இருளர் 1,89,661 பேர். ஆகவே பழங்குடிச் சராசரியில் மலையின் கதையே மிகுதி. இருளர் என்ற தொகைக்குள்ளும் நீலகிரி, கோவைச் சரிவுகளில் வாழ்வோரும் வடமாவட்டச் சமவெளியில் வாழ்வோரும் ஒன்றாகவே சேர்கின்றனர்.

இரண்டாவது, எண்ணப்படும் கூட்டமே மாறுகிறது. 2001இல் 1,55,606ஆக இருந்த இருளர் தொகை பத்தாண்டில் ஏறத்தாழ 22 விழுக்காடு கூடியது. மாநில வளர்ச்சி 15.6 விழுக்காடுதான். இதில் பிறப்பால் கூடியது எவ்வளவு, முன்பு வேறு பெயரில் பதிவானவர்கள் சேர்ந்தது எவ்வளவு என்று அட்டவணையைக் கொண்டு பிரிக்க இயலாது. 2023இல் நரிக்குறவர், குருவிக்காரர் சமூகங்கள் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கப்பட்டதால், அடுத்த கணக்கெடுப்பின் சராசரி எவருடைய வாழ்வும் மாறாமலேயே மாறக்கூடும்.

மூன்றாவது, பருவம். 2011 கணக்கெடுப்பு பிப்ரவரியில் நடந்தது. அது செங்கற்சூளைகளில் வேலை நடக்கும் காலம். குடும்பத்தோடு சூளைக்குப் போனவர்கள் அங்கே எண்ணப்பட்டால், சொந்தக் குடியிருப்பின் கணக்கு குறைந்துவிடும்.

எல்லாவற்றிலும் பெரிய குறை, கேட்கப்படாத கேள்விகள். பாம்பு பிடித்தலும் எலி பிடித்தலும் தேனும் கிழங்கும் மூலிகையும் இருளரின் பழைய பிழைப்பு. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் அதைத் தொடர்ந்த ஏற்றுமதித் தடையும் பாம்புத்தோல் வணிகத்தை நிறுத்தின. 1978இல் தொடங்கி வடநெம்மேலியில் இயங்கும் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம், உரிமம் பெற்று நஞ்சு எடுக்கும் தொழிலை ஒரு பகுதியினருக்குத் தந்தது. மற்றவர்களில் பலர் மரம் வெட்டவும் அரிசி ஆலைக்கும் சூளைக்கும் போயினர். கணக்கெடுப்பில் இவர்கள் வெறும் தொழிலாளர். கொத்தடிமை முறை 1976இல் சட்டப்படி ஒழிக்கப்பட்டது. ஆனால் ஒருவர் முன்பணம் வாங்கி வேலையில் கட்டுண்டவரா என்று குறிக்கக் கணக்கெடுப்புப் படிவத்தில் கட்டம் இல்லை. கான்கிரீட் வீடு முன்னேற்றமாகப் பதிவாகிறது. மனைக்குப் பட்டா உண்டா என்பது பதிவாவதில்லை. புறநகர் விரிந்து ஏரிக்கரையும் புதர்க்காடும் மனைகளாகும்போது மீனும் விறகும் கைநழுவுகின்றன. முன்பே வருமானமாக எழுதப்படாதவை இழப்பாகவும் எழுதப்படுவதில்லை.

இதற்கு மாற்று, அதே இடத்தை மீண்டும் ஆராய்வது. சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கில்பர்ட் சிலேட்டரின் மாணவர்கள் 1916-17இல் ஆராய்ந்த ஊர்களில் ஒன்றான இருவேல்பட்டு 1930களிலும் 1980களிலும் மறுபடி ஆராயப்பட்டது. நிலம், கூலி, கடன் ஆகியவற்றின் மாற்றத்தை இம்முறை நுணுக்கமாகக் காட்டும். ஆனால் ஓர் ஊரின் முடிவை எல்லா ஊருக்கும் பொருத்த முடியாது. ஊரைவிட்டுப் போனவர் கணக்கில் வரார். ஏரிக்கரையிலிருந்து அகற்றப்பட்ட இருளர் குடியிருப்புக்குத் திரும்பிச் செல்ல இடமே இராது.

எனவே தென்சென்னைப் புறநகருக்கு இரண்டும் சேர்ந்தே தேவை. பரப்பைக் கணக்கெடுப்பு காட்டட்டும்; அதனுடன், இடத்தை விடுத்துக் குடும்பங்களையே ஆண்டுகள்தோறும் பின்தொடரும் ஆய்வும் வேண்டும். பட்டா, முன்பணக் கடன், ஆண்டில் சொந்தக் குடியிருப்பில் தங்கிய மாதங்கள் ஆகிய மூன்றும் அதில் இடம்பெற்றால், வீட்டுக் கூரை மாறியதா என்பதோடு, அந்த வீட்டில் வாழ்வோரின் பிடிமானம் கூடியதா என்பதும் தெரியவரும்.