இரக்கம் வேண்டாத இசை

1950ஆம் ஆண்டு செப்டம்பர் 16ஆம் நாள். பிரான்சு நாட்டின் பெசன்சோன் நகரில், 33 வயதுடைய ஒருவர் பியானோவின் முன் அமர்கிறார். ஹாட்கின் நோய் அவருடைய உடலை உருக்கிவிட்டிருந்தது. மருத்துவர்கள் தடுத்தும் கேளாமல் மேடைக்கு வந்திருந்தார். பாக், மொசார்ட், ஷூபர்ட் ஆகியோரின் படைப்புகளுக்குப் பின், ஷோப்பானின் 14 வால்ட்சுகளை வாசிப்பதாக ஏற்பாடு. பதின்மூன்றை வாசித்தார், எஞ்சிய ஒன்றுக்கு வலுவில்லை. அதற்கு ஈடாக, 'இயேசுவே, மாந்தரின் மகிழ்வே' என்று உலகம் அறிந்த பாக்கின் இசையை, மைரா ஹெஸ் பியானோவுக்கு அமைத்த வடிவில் வாசித்து விடைபெற்றார். அதுவே அவருடைய இறுதிக் கச்சேரி. அவ்வாண்டு டிசம்பர் 2ஆம் நாள் ஜெனீவாவில் அவர் உயிர் பிரிந்தது. அவர்தாம் தினு லிப்பாட்டி.

ருமேனியத் தலைநகர் புக்கரெஸ்டில் 1917இல் பிறந்தவர் லிப்பாட்டி. பெரும் இசைமேதை ஜார்ஜ் எனெஸ்கு அவருடைய ஞானத்தந்தை. 1933இல் வியன்னாப் போட்டியில் அவருக்கு இரண்டாம் பரிசே கிட்டியது. அதை ஏற்காத ஆல்ஃபிரட் கோர்ட்டோ நடுவர் குழுவிலிருந்தே விலகினார். பின்னர்ப் பாரிசில் அந்தக் கோர்ட்டோவிடமும் நாடியா பூலாங்கேயிடமும் பயின்றார். 1943இல் ஜெனீவாவில் குடியேறி, அங்குள்ள இசைக் கல்லூரியில் ஆசிரியரானார். அவர் விட்டுச் சென்ற ஒலிப்பதிவுகள் மிகச் சிலவே.

இந்த வரலாற்றைப் படித்தபின் அவருடைய இசைத்தட்டைக் கேட்பவர் கண்கள் கலங்காமல் இரா. ஆனால் திறனாய்வாளன் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: நம்மை உருக்குவது அவருடைய விரல்களா, நாம் அறிந்த கதையா?

இக்கேள்வியைத் தட்டிக்கழிக்க இயலாதபடி ஒரு நிகழ்ச்சி நடந்தது. லிப்பாட்டி மறைந்து பல ஆண்டுகளுக்குப் பின், ஷோப்பானின் முதல் கான்செர்ட்டோவை அவர் வாசித்ததாக ஓர் இசைத்தட்டு வெளிவந்தது. கேட்டோர் பலர் அதைப் போற்றினர். அது போலந்துக் கலைஞர் ஹலினா செர்னி ஸ்டெஃபான்ஸ்காவின் வாசிப்பு என்பது 1981இல் தெரியவந்தது. 1949 ஷோப்பான் போட்டியில் முதற்பரிசைப் பகிர்ந்துகொண்டவர் அவர். ஆகவே புகழ்ச்சி தகுதியற்ற இடத்துக்குப் போய்விடவில்லை. ஆயினும் உறையில் அச்சிட்ட பெயர் நம் செவிக்கு முன்னரே தீர்ப்பு எழுதிவிட்டது என்பதை மறுக்க முடியுமா?

எனவே கதையை ஒருபுறம் வைத்துவிட்டுப் பெசன்சோன் பதிவைக் கேட்போம். தொடக்கத்தில், பாக்கின் முதல் பார்ட்டிட்டாவுக்கு முன், விரல்களைப் பழக்குவதுபோல் சில சுரங்களை ஓடவிடுகிறார். பிறகு இசை தொடங்குகிறது. வலக்கையும் இடக்கையும் சம உரிமையுடன் உரையாடுகின்றன. எந்தக் குரலும் மற்றொன்றை அமுக்குவதில்லை. மொசார்ட்டின் ஏ மைனர் சொனாட்டா, 1778இல், அவர் தம் தாயைப் பாரிசில் பறிகொடுத்த ஆண்டில் எழுதப்பட்டது. அதை அழுகையாக்கி வாசிப்பது எளிது. லிப்பாட்டி அவ்வாறு செய்யவில்லை. தாளத்தின் உறுதி தளர்வதில்லை. துயரம் அந்த உறுதிக்குள் நின்றே பேசுகிறது. வால்ட்சுகளிலோ நடனத்தின் துள்ளல் குன்றவே இல்லை. நோயாளி ஒருவரின் வாசிப்பு இது என்று முன்கூட்டி அறியாதவர் கண்டுகொள்ள வழியில்லை.

குறை சொல்ல இடமுண்டா? உண்டு. புதிய படைப்பு ஒன்றை மேடையேற்றுமுன் நெடுங்காலம் தயங்கியவர் அவர். பீத்தோவனின் சொனாட்டா ஒன்றைக்கூட அவர் இசைத்தட்டில் பதியவில்லை. அந்த நிறைவு வேட்கையால் நாம் இழந்தது மிகுதி. ஆனால் அதே வேட்கைதான் எஞ்சியவற்றில் பதரே இல்லாமல் செய்தது.

அக்கச்சேரியின் இசைத்தட்டில் பதின்மூன்று வால்ட்சுகளே உள்ளன. முடிவில் வாசித்த பாக்கின் இசை அதில் இல்லை. அதற்கு இரு மாதங்களுக்கு முன், ஜூலையில், ஜெனீவாவில் அவர் பதிவு செய்த அதே படைப்பு நமக்குக் கிடைக்கிறது. அதில் விடைபெறும் தொனி சிறிதுமில்லை. மெல்லிய, சீரான நடையே உண்டு. தம் நோயை இசைக்குள் நுழையவிடாதவர் லிப்பாட்டி. அந்த நோயை நாமாகக் கொண்டுவந்து அவருடைய இசைமீது ஏற்றாதிருப்பதே அவருக்கு நாம் செய்யும் மரியாதை.