நாற்றம் முடிந்த இடத்திலிருந்து: கழிவுநீர் வாரியங்கள் நமக்கு எடுக்கும் பாடம்

2011-இல் ஆபீஸ் வேலையாக மூன்று மாதம் சிங்கப்பூரில் இருந்தேன். கூட வந்தவர்கள் எல்லாம் சென்டோசா போன ஒரு சனிக்கிழமை, நான் மட்டும் நியூவாட்டர் விசிட்டர் சென்டருக்குப் போனேன். கழிவுநீரைச் சுத்திகரித்துக் குடிக்கிற தரத்துக்குக் கொண்டுவரும் ஆலை அது. அதைப் பொதுமக்களுக்குக் காட்டவே சிங்கப்பூரின் தண்ணீர் வாரியமான பியூபி 2003-இல் ஒரு மையம் கட்டியது. இலவசம்தான். முன்பதிவு செய்தால் போதும்.

அன்றைக்கு நான் முழுசாக மயங்கித்தான் திரும்பினேன். கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் வரிசை வரிசையாக ஆர்ஓ குழாய்கள், பளபளக்கும் தரை, குழந்தைகளுக்கு விளையாட்டு, புன்னகை மாறாத வழிகாட்டிப் பெண். கடைசியில் கையில் ஒரு பாட்டில் தண்ணீர். குடித்தேன். ஒரு ருசியும் இல்லை, அதுதான் அதன் பெருமை. ரூமுக்கு வந்து ரூம்மேட்டிடம், "நம்ம ஊர்ல இப்படி ஒண்ணு வச்சா மக்கள் மாறிடுவாங்கடா" என்று சொன்னது நன்றாக ஞாபகம் இருக்கிறது.

2024 ஜூலையோடு அந்த மையத்தை மூடிவிட்டார்கள். செய்தியைப் படித்தபோது வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் இந்த இடைப்பட்ட காலத்தில், அன்றைக்குச் சொன்ன வாக்கியம் தப்பு என்று எனக்கே தோன்ற ஆரம்பித்திருந்தது. ஏன் என்று எழுதிப் பார்க்கிறேன். முன்பே சொல்லிவிடுகிறேன்: நான் நீரியல் நிபுணன் இல்லை. பி.இ. முடித்துவிட்டு இருபது வருடமாகக் கோடு அடிக்கிறவன். ராத்திரியில் இதையெல்லாம் படிக்கிற பழக்கம் மட்டும் உண்டு.

முதலில் நியாயமாக ஒன்று. சிங்கப்பூர் செய்தது சாதாரண வேலை இல்லை. மலேசியாவிலிருந்து வரும் தண்ணீருக்கான ஒப்பந்தங்களில் ஒன்று 2011-இல் முடிந்தது, இன்னொன்று 2061-இல் முடியும். தண்ணீருக்காகப் பக்கத்து நாட்டை நம்பி இருக்கும் நிலையை மாற்ற வேண்டும் என்பது அவர்களுக்கு வாழ்வா சாவா பிரச்சினை. அதனால் 1998-இல் ஆய்வைத் தொடங்கி, 2000-இல் பெடோக்கில் ஒரு மாதிரி ஆலை கட்டி, வெளிநாட்டு நிபுணர்களையும் சேர்த்த குழுவை வைத்துச் சோதித்து, 2002-இல் அறிக்கை வாங்கிய பிறகுதான் மக்களிடம் வந்தார்கள். அந்த வருடத் தேசிய தினக் கொண்டாட்டத்தில் திரண்டிருந்த கூட்டத்துக்கு நியூவாட்டர் பாட்டில் கொடுத்து எல்லோரும் ஒன்றாகக் குடித்தார்கள். பிரதமர் கோ சோக் டோங் குடிக்கும் புகைப்படம் பத்திரிகைகளில் வந்தது. வார்த்தைகளையே மாற்றினார்கள்: கழிவுநீர் என்று சொல்லாமல் 'பயன்படுத்திய நீர்', சுத்திகரிப்பு நிலையம் என்று சொல்லாமல் 'நீர் மீட்பு ஆலை'. விளம்பரத் துறையில் இருப்பவர்கள் இதைப் பாடமாகவே படிக்கலாம்.

என் கேள்வி வேறு. இது விளம்பரமா, கல்வியா?

அந்தச் சுற்றுலாவை மறுபடி மனதில் ஓட்டிப் பாருங்கள். அது காட்டும் படிகள் மூன்று: நுண்வடிகட்டல், ஆர்ஓ, புற ஊதாக் கதிர். மூன்றும் உண்மை, மூன்றும் அருமையான தொழில்நுட்பம். ஆனால் இந்த மூன்றும் தொடங்குவதற்கு முன்பே தண்ணீர் பக்கத்து ஆலையில் பாதிச் சுத்தமாகி வந்துவிடுகிறது. பாக்டீரியா அழுக்கைத் தின்னும் தொட்டிகள், அடியில் படியும் கசடு, அந்தக் கசடு எங்கே போகிறது, ஆர்ஓ ஒதுக்கித் தள்ளும் அடர்த்தியான நீர் எங்கே போகிறது என்பதெல்லாம் எனக்குக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கூடத் தெரியவில்லை. சுற்றுலா நாற்றம் முடிந்த இடத்தில் தொடங்கியது. சாக்கடையைப் பற்றிய பாடத்தில் சாக்கடையே இல்லை.

இரண்டாவது விஷயம் அந்த பாட்டில். நியூவாட்டரில் பெரும்பங்கு போவது தொழிற்சாலைகளுக்கு, முக்கியமாக சிப் தயாரிக்கும் ஆலைகளுக்கு. அவர்களுக்கு அவ்வளவு சுத்தமான தண்ணீர் தேவை. ஒரு சிறு பங்குதான் நீர்த்தேக்கத்தில் கலந்து, மறுபடி சுத்திகரிக்கப்பட்டு, வீட்டுக் குழாய்க்கு வருகிறது. அதாவது நான் கையில் வாங்கிக் குடித்தது அந்த ஊரில் யாருமே தினசரி குடிக்காத ஒன்று. பாட்டில் ஒரு பொய் இல்லை. ஆனால் அது பதில் சொல்லும் கேள்வி "இதைக் குடிக்கப் பயமா?" என்பது மட்டும்தான். "இதை யார் சோதிக்கிறார்கள், ஒருநாள் தவறினால் எனக்கு எப்படித் தெரியும்?" என்ற கேள்விக்கு அந்த பாட்டிலில் பதில் இல்லை.

எங்கள் தொழில் பாஷையில் சொன்னால், அந்த மையம் ஒரு டெமோ. டெமோவில் எல்லாம் ஓடும், ஓடத்தான் வேண்டும். ஆனால் ஒரு மென்பொருளை நம்பலாமா என்று முடிவு செய்ய நான் கேட்பது டெமோவை இல்லை. போன ஆறு மாதத்தில் எத்தனை தடவை விழுந்தது, எவ்வளவு நேரத்தில் எழுப்பினீர்கள் என்ற பதிவைத்தான் கேட்பேன்.

டெமோ காட்டவே நேரம் கிடைக்காத ஊர் ஒன்றும் உண்டு. ஆஸ்திரேலியாவின் டுவூம்பா. கடும் வறட்சியில், சுத்திகரித்த கழிவுநீரை அணையில் கலக்கும் திட்டத்தை 2005-இல் நகர மன்றம் முன்வைத்தது. நிதி வேண்டுமானால் மக்கள் வாக்கெடுப்பு நடத்துங்கள் என்று மத்திய அரசு நிபந்தனை போட்டது. 2006 ஜூலையில் நடந்த வாக்கெடுப்பில் கிட்டத்தட்ட 62 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். எதிர்த்த குழு தன் பெயரிலேயே 'சாக்கடை குடிப்பதற்கு எதிரான குடிமக்கள்' என்று வைத்துக்கொண்டது. விஞ்ஞானம் சிங்கப்பூரில் இருந்த அதே விஞ்ஞானம்தான். பல கட்டுரைகள் இதை 'மக்களுக்கு விழிப்புணர்வு போதவில்லை' என்று முடித்துவிடுகின்றன. எனக்கு அது சோம்பேறித்தனமான முடிவாகப் படுகிறது. ஒரு வருடத்தில் ஒரு ஊர் தன் குடிதண்ணீரைப் பற்றிய முடிவை எடுக்க வேண்டுமென்றால், தகவல் எவ்வளவு கொட்டினாலும், அதைச் சரிபார்க்க அவர்களுக்கு வழியோ அவகாசமோ இல்லை. சரிபார்க்க முடியாததை மறுப்பது முட்டாள்தனம் இல்லை.

இதற்கு நேர்மாறான உதாரணம் கலிஃபோர்னியாவின் ஆரஞ்சு கவுண்டி. அங்கே சுத்திகரித்த கழிவுநீரை நிலத்தடி நீரில் சேர்க்கும் பெரிய ஆலை 2008 ஜனவரியில் ஓடத் தொடங்கியது. ஆனால் அவர்கள் 1976-லிருந்தே, கடல்நீர் உள்ளே வராமல் தடுக்க, சுத்திகரித்த நீரை நிலத்துக்குள் செலுத்தி வந்தவர்கள். கண்ணில் பட்ட அனுபவம் இருந்தது. புதிய ஆலைக்கான பேச்சைத் திறப்புக்குப் பத்து வருடம் முன்பே தொடங்கிவிட்டார்கள். டாக்டர்கள், சங்கங்கள், சந்தேகப்படுகிறவர்கள் என்று ஒவ்வொரு கூட்டமாகப் போய்ப் பேசினார்கள். இதே காலத்தில் பக்கத்து லாஸ் ஏஞ்சலஸிலும் சான் டியேகோவிலும் 'டாய்லெட்டிலிருந்து குழாய்க்கு' என்ற ஒற்றைக் கோஷத்தில் திட்டங்கள் கவிழ்ந்தன. ஆரஞ்சு கவுண்டியில் ஒரு வசதி, நீர் வாரியமும் சாக்கடை வாரியமும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன, இரண்டையும் பார்க்கலாம். நாற்றத்தில் தொடங்கிக் குழாயில் முடிக்கலாம். ஆலையும் 2015, 2023 என்று இரண்டு தடவை பெரிதாக்கப்பட்டது.

இதெல்லாம் படித்துத் தெரிந்துகொண்டது. பட்டுத் தெரிந்துகொண்டது எங்கள் அபார்ட்மென்டில்.

ஓஎம்ஆர் பக்கம் 180 வீடுகள். அடித்தளத்தில் ஒரு எஸ்டிபி. அதிலிருந்து வரும் தண்ணீர் டாய்லெட் ஃப்ளஷுக்கும் தோட்டத்துக்கும். ஒரு வருடம் ஃப்ளஷ் தண்ணீர் மஞ்சளாக, வாடையோடு வர ஆரம்பித்தது. "எஸ்டிபியை மூடுங்க, லாரி தண்ணி விடுங்க" என்று வாட்ஸ்அப் குரூப்பில் சண்டை. கமிட்டியில் நான் இருந்தேன். சிங்கப்பூர் ஞாபகத்தில் 22 ஸ்லைடு தயார் செய்து, ஞாயிற்றுக்கிழமை கிளப் ஹவுஸில் பாடம் எடுத்தேன். படங்கள், அம்புக்குறிகள், பாக்டீரியா கார்ட்டூன், எல்லாம் உண்டு.

முடித்ததும் மூன்றாவது மாடியில் இருக்கும் ரிட்டயர்ட் டீச்சர் அம்மா எழுந்தார். "எல்லாம் சரி தம்பி. இதை மாசா மாசம் யாராவது டெஸ்ட் பண்றாங்களா? ரிசல்ட் எங்க இருக்கு?"

என்னிடம் இல்லை. கான்ட்ராக்டரிடம் கேட்டு வாங்கினோம். ஆறு மாத அறிக்கையில் இரண்டு மாதம் பிஓடி அளவு வரம்பைத் தாண்டியிருந்தது. யாரும் பார்க்கவில்லை, ஃபைலில் போட்டு வைத்திருந்தார்கள். அடுத்த ஞாயிறு விருப்பப்பட்டவர்களைக் கீழே கூட்டிப்போனோம். மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு பதினைந்து பேர் வந்தார்கள். காற்று ஊதும் குழாய்கள் பாதி அடைத்துக்கொண்டிருப்பதை ஆபரேட்டர் பையன்தான் காட்டினான். அவன் வெறும் கையால் ஸ்க்ரீனிலிருந்து துணியும் நாப்கினும் எடுத்துக்கொண்டிருந்ததையும் எல்லோரும் பார்த்தார்கள். "தம்பிக்கு கிளவுஸ் இல்லையா?" என்று கேட்டதும் அதே டீச்சர் அம்மாதான்.

அன்றிலிருந்து அறிக்கையை லிஃப்ட் பக்கத்தில் ஒட்டுகிறோம். வரம்பு தாண்டிய மாதத்தையும் சேர்த்து. முதல் இரண்டு மாதம் கமிட்டிக்குச் செம திட்டு. பிறகு ஊதுகுழாய் மாற்றப் பணம் கேட்டபோது யாரும் எதிர்க்கவில்லை. டாய்லெட்டில் நாப்கின் போடாதீர்கள் என்று நாலு வருடமாக ஒட்டியிருந்த நோட்டீஸ் செய்யாததை, அந்தப் பையனின் கையைப் பார்த்தது செய்தது. முழுசாக நின்றுவிட்டது என்று சொல்ல மாட்டேன். குறைந்தது.

180 வீட்டுக் கதையை ஒரு நகரத்துக்கு நீட்ட முடியாது, தெரியும். எங்களுடையது ஃப்ளஷ் தண்ணீர், குடிதண்ணீர் இல்லை. ஆனால் சென்னைக்கும் இந்தக் கேள்வி வந்துகொண்டுதான் இருக்கிறது. மணலியில் சில ஆலைகள் 1990களிலேயே மெட்ரோ வாட்டரின் கழிவுநீரை வாங்கி ஆர்ஓ செய்து பயன்படுத்தத் தொடங்கிவிட்டன. 2019-இல் கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் நாளொன்றுக்குத் தலா 4.5 கோடி லிட்டர் திறனுள்ள ஆலைகள் வந்தன. அந்தத் தண்ணீரும் தொழிற்சாலைகளுக்குத்தான். அதே வருடக் கோடையில் ஏரிகள் வறண்ட பிறகு, சுத்திகரித்த நீரைப் போரூர், பெருங்குடி பக்கம் ஏரிகளில் விடும் திட்டமும் பேச்சில் வந்தது. போரூர் ஏரி குடிநீர் ஆதாரம். அதாவது டுவூம்பாவின் கேள்வி வளசரவாக்கத்துக்கு வரப்போகிறது.

அப்போது நமக்கும் ஒரு விசிட்டர் சென்டர் கட்டுவார்கள், ஒரு சினிமாக்காரர் பாட்டிலைத் தூக்கிக் குடிப்பார் என்பது என் பயம்.

இதே ஊரில் வேலை செய்த பாடம் ஒன்று இருக்கிறது: மழைநீர் சேகரிப்பு. 2003-இல் சட்டம் கட்டாயமாக்கியது உண்மை. ஆனால் பாடம் மனதில் தங்கியதற்குக் காரணம் சட்டம் மட்டும் இல்லை. மழை முடிந்து தன் வீட்டுக் கிணற்றை எட்டிப் பார்த்தால் நீர்மட்டம் ஏறியிருப்பது தெரிந்தது. அதற்கு வாரியத்தின் வார்த்தையை நம்ப வேண்டிய அவசியமே இல்லை. கழிவுநீருக்கு அப்படி ஒரு கிணறு நம்மிடம் இல்லை. அதைக் கொடுப்பதுதான் கழிவுநீர் வாரியம் செய்ய வேண்டிய கல்வி என்று நினைக்கிறேன்.

நடைமுறையில் அது எப்படி இருக்கும்? ஒவ்வொரு சுத்திகரிப்பு நிலையத்தின் வாசலிலும், பெட்ரோல் பங்க் விலைப் பலகை மாதிரி, நேற்று வெளியேறிய நீரின் அளவீடு. வரம்பு தாண்டினால் சிவப்பில். பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கூட்டிப்போனால் கடைசி ஆர்ஓ அறைக்கு மட்டும் இல்லாமல் முதல் ஸ்க்ரீனுக்கும் கூட்டிப்போவது.

பிறகு, எல்லாவற்றையும்விடக் கஷ்டமான ஒன்று. சாக்கடையில் துணி போடாதீர்கள், நாப்கின் போடாதீர்கள் என்று துண்டுப் பிரசுரம் கொடுக்கிறோம். அடைத்தால் என்ன ஆகும் என்று அதில் இருக்கும், யார் எடுப்பார் என்று இருக்காது. மனிதக் கழிவை மனிதர் கையால் அள்ளுவதைத் தடுக்க 1993-இல் ஒரு சட்டம், 2013-இல் அதைவிடக் கடுமையான இன்னொரு சட்டம். இறந்தவர் குடும்பத்துக்கு 30 லட்சம் கொடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023-இல் சொன்னது. சாவு நிற்கவில்லை. அந்தப் பிரசுரத்தின் கீழே இரண்டு வரி சேர்க்கலாம்: இந்த வார்டில் போன மாதம் எத்தனை அடைப்பு, அதில் இயந்திரம் எடுத்தது எத்தனை, மனிதன் இறங்கியது எத்தனை. கடைசி எண் பூஜ்யமாக இல்லாத மாதத்திலும் அச்சடிக்கிற தைரியம் வரும் அன்றைக்கு, அந்த வாரியம் கொடுக்கும் பாட்டிலை நான் யோசிக்காமல் வாங்கிக் குடிப்பேன்.

உங்கள் அபார்ட்மென்டில் எஸ்டிபி இருந்தால், இந்த வாரம் போன மாத டெஸ்ட் ரிப்போர்ட்டைக் கேட்டுப் பாருங்கள். எத்தனை நாளில் கையில் கிடைக்கிறது என்பதிலேயே பாதி விஷயம் தெரிந்துவிடும்.