தனிமனித சுதந்திர இயக்கங்கள்: மூன்று போக்குகளும் ஓர் அளவுகோலும்

இந்தியாவில் தனிமனித சுதந்திரத்துக்காகக் குரல் கொடுத்தவர்கள் என்றதும் ராஜாஜியும் சுதந்திராக் கட்சியும் நினைவுக்கு வருவது இயல்பு. அந்த மரபு அத்தோடு முடிந்துவிடவில்லை. கட்சி கட்டி அரசை எதிர்த்தவர்கள், நீதிமன்றப் படியேறியவர்கள், வயலிலும் நடைபாதையிலும் ஆள் திரட்டியவர்கள் என்று அதில் குறைந்தது மூன்று போக்குகள் உண்டு. இவற்றை வென்ற தொகுதிகளைக் கொண்டோ எழுதிய நூல்களைக் கொண்டோ மதிப்பிடுவதில் பெரிய பயனில்லை. தன்னைச் சேராதவனின், ஏன், தனக்குப் பிடிக்காதவனின் சுதந்திரம் பறிபோனபோது இவர்கள் எந்தப் பக்கம் நின்றார்கள் என்று பார்ப்பதே சரியான அளவுகோல். இதை வைத்துப் பார்த்தால் வழக்கமான வரிசை கொஞ்சம் மாறிவிடுகிறது.

கட்சியிலிருந்து தொடங்குவோம். 1959 ஜனவரியில் நாகபுரியில் கூடிய காங்கிரஸ் கூட்டுறவுப் பண்ணை முறையை ஏற்றுத் தீர்மானம் போட்டது. உழவனின் நிலம் கைவிட்டுப் போகும் என்ற அச்சம் எழுந்தது. அதே ஆண்டு ராஜாஜி, மினு மசானி, என்.ஜி. ரங்கா ஆகியோர் சுதந்திராக் கட்சியைத் தொடங்கினார்கள். 1962இல் மக்களவையில் 18 இடங்கள். 1967இல் 44 இடங்களோடு முதன்மை எதிர்க்கட்சி. எந்தத் தொழிலுக்கும் அரசின் அனுமதி கேட்கும் முறைக்கு ‘பெர்மிட் லைசென்ஸ் கோட்டா ராஜ்’ என்று ராஜாஜி வைத்த பெயர் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. 1952இல் சென்னை மாகாண முதலமைச்சராக உணவு தானியக் கட்டுப்பாட்டை நீக்கியவர் என்பதால், அவர் பேச்சு வெறும் ஏட்டுச் சுரைக்காய் அல்ல. ஆனால் அதே ராஜாஜிதான் 1937இல் சேலத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். இந்தி எதிர்ப்புப் போராட்டக்காரர்கள் மீது, வெள்ளையர் காலத்து அடக்குமுறைச் சட்டமான கிரிமினல் சட்டத் திருத்தச் சட்டத்தை ஏவினார். 1951இல் மத்திய உள்துறை அமைச்சராகப் பத்திரிகைகளுக்குக் கடிவாளம் போடும் சட்டத்தை முன்னின்று நிறைவேற்றினார். பின்னாளில் மாறினார், உண்மைதான். 1965 வாக்கில் இந்தித் திணிப்பை எதிர்ப்பவர்களின் பக்கம் அவர் நின்றதும் வரலாறு. ஆனால் அதிகாரத்தில் இருந்தபோது தன் எதிராளிக்கு அவர் தந்த சுதந்திரம் சொற்பம். கட்சியிலும் முன்னாள் சமஸ்தானாதிபதிகளும் ஜமீன்தார்களும் மலிந்திருந்தார்கள். அவர்கள் தங்கள் சொத்தைக் காக்கத்தான் சுதந்திரம் பேசினார்கள் என்ற குற்றச்சாட்டை முழுதாகத் தள்ளிவிட முடியாது. 1974இல் கட்சி பாரதீய லோக் தளத்தில் கரைந்தது.

நீதிமன்றப் போக்கின் கதை இதைவிடச் சுவையானது. 1969இல் 14 வங்கிகள் தேசியமயமானபோது, சுதந்திராக் கட்சியின் ஆர்.சி. கூப்பர் பங்குதாரராக வழக்குத் தொடுத்தார். 1970இல் பதினொரு நீதிபதிகள் கொண்ட அமர்வில் பத்துப் பேர் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தனர். அரசு வேறு சட்டம் கொண்டுவந்து வங்கிகளைத் தன்னிடமே வைத்துக்கொண்டது. பணக்காரரின் தோற்றுப்போன வழக்கு என்றுதான் பலரும் அதை மறந்தார்கள். ஆனால் அடிப்படை உரிமைகளைத் தனித்தனி அறைகளாகப் பூட்டிப் பார்க்கக் கூடாது என்று அந்தத் தீர்ப்பு சொல்லியிருந்தது. சென்னை மாகாணச் சிறையில் அடைபட்டிருந்த கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலனுக்கு 1950இல் கைகொடுக்காமல் போன வாதம் அது. அதே வாதத்தைப் பற்றிக்கொண்டுதான் 1978இல் மேனகா காந்தி கடவுச்சீட்டு வழக்கும், 2017இல் அந்தரங்க உரிமைத் தீர்ப்பும் எழுந்தன. வங்கிப் பங்குதாரர் திறந்த கதவு கம்யூனிஸ்டுக்கும் பயன்படக்கூடியது! நெருக்கடி நிலையின்போது மசானி தம் ‘ஃப்ரீடம் ஃபர்ஸ்ட்’ இதழுக்குத் தணிக்கை அதிகாரி விதித்த தடைகளை எதிர்த்து மும்பை உயர் நீதிமன்றத்தில் 1976இல் வென்றார். பெரிய பத்திரிகைகள் பல வாய்பொத்தி நின்ற காலம் அது.

மூன்றாவது போக்குக்கு உதாரணம் மகாராஷ்டிரத்தின் விவசாயிகள் அமைப்பான சேத்காரி சங்கடனா. அதை நிறுவிய சரத் ஜோஷி சுவிட்சர்லாந்தில் ஐ.நா. சார்ந்த வேலையை உதறிவிட்டு வந்து, புனே அருகே சாகணில் வெங்காய விவசாயிகளைத் திரட்டினார். அவருடைய வாதம் எளிமையானது. விலை விழும்போது விவசாயி தனியாகச் சுமக்கிறான். விலை ஏறும்போது மட்டும் அரசு ஏற்றுமதித் தடையோடு ஓடி வருகிறது. மகாராஷ்டிரப் பருத்தி விவசாயி மாநில எல்லையைத் தாண்டிப் பருத்தி விற்க முடியாதபடி ஏகபோகக் கொள்முதல் திட்டம் இருந்தது. அதையும் அவர் எதிர்த்தார். தமிழகத்தில் நாராயணசாமி நாயுடுவின் விவசாயிகள் சங்கம் மின்கட்டணத்துக்கும் கடனுக்கும் சலுகை கேட்டது. சங்கடனா கேட்டது பிச்சை வேண்டாம், வேர்வையின் விலை போதும் என்று. இரண்டும் போராட்டம்தான், ஆனால் இரண்டாவது கேட்டது அரசு விலகி நிற்க வேண்டும் என்று. 1986இல் சாந்த்வடில் பெண்களைப் பெருந்திரளாகக் கூட்டியதும், பின்னர் ‘லக்ஷ்மி முக்தி’ என்ற பெயரில் கணவன்மாரே மனைவி பெயருக்கு நிலம் எழுதித் தரத் தூண்டியதும் இந்த இயக்கத்தின் உச்சம் என்பேன். 2019இல் அனுமதி பெறாத களைக்கொல்லி தாங்கும் பருத்தி விதையை அகோலா மாவட்டத்தில் வெளிப்படையாக விதைத்ததும் அதே மரபில் வந்த சட்ட மறுப்பு. அந்த விதை நல்லதா என்பது வேறு விவாதம்.

சந்தைச் சுதந்திரம் பணக்காரனுக்கே வாய்க்கும் என்பது பழைய ஆட்சேபம். லைசென்ஸ் ஆட்சியே அதற்கு எதிர்ச்சாட்சி. 1960களில் ஆர்.கே. ஹசாரி திட்டக் குழுவுக்காக ஆராய்ந்தபோது, உரிமங்களை முன்கூட்டியே வாரிக்கொண்டவர்கள் பிர்லா போன்ற பெருங்குழுமங்களே என்று தெரியவந்தது. தில்லியில் ஆள் வைத்திருந்தவனுக்கே தடை வேலியாக உதவியது. மாறாக, நடைபாதையில் கூடை வைத்துப் பிழைப்பவளுக்கு மாநகராட்சியின் அனுமதிச் சீட்டு என்பது பறிமுதலுக்கும் மாமூலுக்கும் இடையே தொங்கும் வாழ்க்கை. தெருவில் விற்பதும் தொழிலுரிமையின் பாற்பட்டதே என்று 1989இல் உச்ச நீதிமன்றம் சொன்னது; கணக்கெடுப்பு முடியும்வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது என்று 2014இன் தெருவோர வியாபாரிகள் சட்டம் சொல்கிறது. அந்தச் சட்டத்துக்கான அழுத்தம் வந்தது பெரும்பாலும் வியாபாரிகளின் சங்கங்களிலிருந்துதான்.

இன்னொரு ஆட்சேபம் கனமானது. இந்நாட்டில் மனிதனைக் கட்டிப்போடுவது அரசு மட்டுமா? ஊரும் சாதியும் குடும்பமும் கட்டுகின்றன. அவற்றிலிருந்து மீள ஒடுக்கப்பட்டவருக்கு அரசின் சட்டமே துணை. இதற்குச் சுதந்திராக் கட்சியிடம் உருப்படியான விடை இல்லை. நிலவுடைமையாளர்களை வைத்துக்கொண்டு அதைச் சொல்லவும் முடிந்திருக்காது. நீதிமன்றப் போக்கு தற்செயலாகத்தான் உதவியது. ‘லக்ஷ்மி முக்தி’ மட்டுமே வீட்டுக்குள் இருக்கும் அதிகாரத்தில் நேரடியாகக் கை வைத்தது. அதிலும் நிலமற்ற கூலிக்காரருக்குப் பங்கில்லை. நிலம் இருந்தால்தானே எழுதித் தர முடியும்? சாதி மறுத்து மணந்தவர்களுக்கும் தன்பாலினத்தவருக்கும் வழக்காடியவர்களில் பலர் இந்த மரபின் பெயரைக்கூடச் சொல்லிக்கொள்வதில்லை. ஆனால் மேலே சொன்ன அளவுகோலில், விழா மலர்களில் படம் போட்டுப் போற்றப்படும் தலைவர்கள் பலரைவிட அவர்களே முன்னால் நிற்கிறார்கள்.