லிஸ்ப் நிரற்கல்வியும் தமிழ்த் தொடரமைப்பும்

கணிப்பொறி நிரலைத் தமிழ் மாணவர்க்குக் கற்பிக்குங்கால் எழும் இடர்ப்பாடு சொல்லைப் பற்றியதா, தொடரைப் பற்றியதா என்பது ஆராயத்தக்கது. கட்டளைச் சொற்களைத் தமிழாக்கிவிடின் கல்வி எளிதாகும் என்பது பரவலாக நிலவும் கருத்து. அஃது ஓரளவே பொருந்தும். தமிழ்த் தொடரின் இயல்பறிந்து கற்பித்தலே முதற்கண் வேண்டுவது என்பது எம் கருத்து. விழுப்புரத்தை அடுத்த காணை போன்ற ஊர்களில் தமிழ்வழி பயின்று வரும் மாணவரை உளத்திற் கொண்டு, லிஸ்ப் என்னும் நிரல்மொழியின் அடிப்படைகளை ஈண்டு ஆராய்வோம்.

லிஸ்ப் மொழியை வகுத்தவர் ஜான் மெக்கார்த்தி. அமெரிக்காவின் மாசச்சூசெட்சுத் தொழில்நுட்பக் கழகத்தில் 1958-இல் அப்பணியைத் தொடங்கிய அவர், 1960-இல் அதன் கொள்கையைக் கட்டுரையாக வெளியிட்டார். ஐந்து அடிப்படைச் செயல்களையும் ஒரு சில வடிவங்களையும் கொண்டே மொழியை நிறுவிக் காட்டியது அக்கட்டுரையின் பெருஞ்சிறப்பு. பட்டியலே லிஸ்ப்பின் உயிர். அடைப்புக்குறியினுள் செயலின் பெயர் முன்னும், அச்செயல் ஏற்கும் பொருள்கள் பின்னும் நிற்கும். கூட்டு என்பதைச் செயற்பெயராகக் கொண்டால், (கூட்டு 2 3) என்பதன் விடை 5.

முதலிற் பெயர்களை நோக்குவோம். பட்டியலின் முதலுறுப்பைத் தருவது சி.ஏ.ஆர்.; எஞ்சியதைத் தருவது சி.டி.ஆர். இவை ஐ.பி.எம். 704 என்னும் பொறியின் நினைவகக் கூற்றில் அமைந்த இரு பகுதிகளைக் குறித்த தொடர்களின் முதலெழுத்துகள். அப்பொறியை அறிந்தார்க்கு இவை காரணப்பெயர். இன்று கற்பார்க்கோ இடுகுறியே. தலை, எச்சம் எனத் தமிழில் வழங்கின் மீண்டும் காரணப்பெயராகும். (காணை விழுப்புரம் திண்டிவனம்) என்னும் பட்டியலில் தலை காணை. எச்சம் (விழுப்புரம் திண்டிவனம்). வெற்றுப் பட்டியலின் நீளம் 0. ஏனைய பட்டியலின் நீளம், அதன் எச்சத்தின் நீளத்தோடு 1 கூட்டப் பெறுவது. ஒரு செயலை அச்செயலாலேயே வரையறுக்கும் தற்சுழற்சி இவ்விரு வரிகளில் அடங்கிவிடுகின்றது.

அடுத்து, கற்போர் பெரிதும் மயங்கும் மேற்கோள் வடிவத்தைக் காண்போம். லிஸ்ப்பில் ஒரு பெயரை வாளா எழுதினால் அது தான் குறிக்கும் பொருளைத் தரும். மேற்கோளிட்டு எழுதினால் பெயராகவே நிற்கும். தமிழுக்கு இது புதிதன்று. 'காணை விழுப்புரத்தை அடுத்துள்ளது' என்புழி ஊரும், 'காணை என்பது ஈரெழுத்துச் சொல்' என்புழிச் சொல்லும் குறிக்கப்படுகின்றன. தொல்காப்பிய எச்சவியல் எண்ணும் பத்து எச்சங்களுள் என என்பதும் ஒன்று. அவ்விடைச்சொல்லின் தொழிலையே லிஸ்ப்பின் மேற்கோள் செய்கின்றது என உணர்த்தின் மயக்கம் நீங்கும்.

இனி, தமிழிலேயே அமைந்த நிரல்மொழியாகிய எழிலை நோக்குவோம். முத்து அண்ணாமலை 2009-இல் கட்டுரை வாயிலாக அறிமுகம் செய்த இம்மொழி, நிபந்தனையை முன்னெழுதி ஆனால் என்னும் சொல்லைப் பின்னிறுத்துகின்றது. ஆங்கில வைப்பு முறையைப் பின்பற்றாது தமிழ்மரபைப் போற்றிய இத்துணிவு பாராட்டற்குரியது. எனினும், பதிப்பி முதலிய ஏவல்களை அஃது முன்னரே நிறுத்துகின்றது. வரை என்னும் சொல்லும் ஐயத்திற்கு இடந்தருகின்றது. 'குறைவாய் உள்ள வரை' எனினும் 'பத்து ஆகும் வரை' எனினும் தமிழாகும்; வினையின்றி நிற்கும் நிபந்தனையில் எது கருத்தெனத் தொடங்குநர் தெளிதல் அரிது. சொல் தமிழாயினும் தொடர் முற்றும் தமிழாகவில்லை என்பதே எம் மதிப்பீடு.

அங்ஙனமாயின், வினையை முன்வைக்கும் லிஸ்ப் தமிழுக்கு இன்னும் சேய்மைத்தன்றோ எனின், அன்று. (பெருக்கு (கூட்டு 2 3) 4) என்பதைக் காண்க. பொறி முதலில் உள்ளடைப்பைக் கணித்து, அதன் பின்னரே பெருக்கும். இதனைத் தமிழில் 'இரண்டையும் மூன்றையும் கூட்டி நான்காற் பெருக்கு' என்போம். கூட்டி என்னும் வினையெச்சம் முன்னும், பெருக்கு என்னும் முற்று இறுதியிலும் நிற்கின்றன. பொறி செய்யும் முறையும் தமிழர் சொல்லும் முறையும் ஒன்றே. எழுதும் முறை மட்டுமே வேறு. ஆதலின், உள்ளடைப்பிலிருந்து வெளிநோக்கிப் படிக்கக் கற்பித்தல் வேண்டும். அடைப்புக்குறிகளின் மிகுதியும் அப்பொழுது அச்சுறுத்தாது.

இவ்வொப்புமைக்கு எல்லை உண்டு. நிபந்தனை வடிவத்தில் எல்லா உறுப்புகளும் முன்னரே கணிக்கப்படுவதில்லை. நிபந்தனையை ஆராய்ந்து, பொருந்திய கிளையை மட்டுமே பொறி கணிக்கும். ஆண்டும் 'வெற்றாயின் 0. அன்றேல் எச்சத்தின் நீளத்தோடு 1' எனத் தமிழ்த்தொடர் துணை செய்யும். ஆயினும், அதனைத் தனி விதியாகவே உணர்த்துதல் நன்று.

இம்முறைக்குப் புதுமொழி படைத்தல் வேண்டா. 1985-இல் வெளிவந்த குனு ஈமாக்ஸ் என்னும் கட்டற்ற உரைதிருத்தி லிஸ்ப்பைத் தன்னகத்தே கொண்டது. தலை, எச்சம், கூட்டு எனத் தமிழ்ப் பெயர்களை அதில் மாணவரே வரையறுத்துக்கொள்ளலாம். விழுப்புரத்தில் குனு லினக்ஸ் பயனர் குழு இயங்கி வருதலின், காணை மாணவர்க்கு இது கைக்கெட்டாத பொருளும் அன்று.

குறைவது கருவியன்று, தொடரிலக்கணம் அறிந்தார் எழுதும் பாடநூலே. வினையெச்சத்தையும் என என்னும் எச்சத்தையும் தேர்வுக்கென நெட்டுருச் செய்த மாணவர், அவ்வறிவு நிரலுக்கும் உதவும் என அறியாது, தம் மொழி இக்கலைக்கு ஆகாதெனக் கருதிவிடுகின்றனர். அக்கருத்தை மாற்றும் கடமை கணிப்பொறித் துறையினர்க்கு மட்டும் உரியதன்று. தமிழ்த்துறையினராகிய நமக்கும் உரியது.