ஒரு 4 டி.பி. வேண்டாம், இரண்டு 2 டி.பி. போதும்

2015 டிசம்பரில் பெருமழையும் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து திறந்த நீரும் சேர்ந்து அடையாற்றங்கரையை மூழ்கடித்தன. சான்றிதழ்களைப் பறிகொடுத்தவர்களுக்கு நகல் வழங்க அரசு சிறப்பு முகாம்கள் நடத்தியது. கல்யாண வீடியோவுக்கும் இறந்துபோன தாத்தாவின் குரல் பதிவுக்கும் நகல் தர எந்த அலுவலகமும் கிடையாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது பூந்தமல்லி, ஆவடி, அம்பத்தூர்ப் பக்கத்திலும் பல தெருக்களில் தண்ணீர் நின்றது. அதே பக்கத்தில் கரையான்சாவடியில் வசிக்கும் நமக்கு பேக்கப் என்பது மழைக்கால முன்னேற்பாடுகளில் ஒன்று.

அதை மனதில் வைத்தே 2 டி.பி. போர்ட்டபிள் ஹார்டு டிஸ்க் இரண்டை வாங்கி வீட்டு உபயோகத்தில் பார்த்தேன். ஒன்று சீகேட் எக்ஸ்பேன்ஷன், இன்னொன்று டபிள்யூ.டி. எலிமென்ட்ஸ். வேண்டுமென்றேதான் இரண்டு கம்பெனி. ஒரே மாடலில், ஒரே நாளில் வாங்கிய இரண்டில் ஒரே தயாரிப்புக் கோளாறு இருக்க வாய்ப்புண்டு.

எவ்வளவு அளவு வேண்டும்?

கடைக்குப் போகும் முன் ஒரு கணக்குப் போடுங்கள். சாதாரண போன் போட்டோ 3 முதல் 4 எம்.பி. வரும். தினம் 20 எடுத்தால் ஆண்டுக்கு 30 ஜி.பி.யைத் தாண்டாது. இடத்தை அடைப்பது வீடியோதான். 4கே தரத்தில் ஒரு நிமிடம், போனின் செட்டிங்கைப் பொறுத்து, 170 முதல் 400 எம்.பி. வரை போகும். வாரம் பத்து நிமிடம் எடுக்கும் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 200 ஜி.பி. வரை ஆகலாம். ஏற்கெனவே 400 ஜி.பி. இருக்கிறது என்றால், நான்கு ஆண்டுகளில் ஏறக்குறைய 1,300 ஜி.பி. ஆகிவிடும். 2 டி.பி. அதற்குப் போதும், கொஞ்சம் இடமும் மிஞ்சும். வீடியோ அதிகம் எடுக்காதவர்களுக்கு 1 டி.பி. போதும். 4 டி.பி. தேவைப்படுவது கல்யாண வீடியோ எடுப்பவர்களுக்கும் யூடியூப் நடத்துபவர்களுக்கும்தான்.

2 டி.பி. டிஸ்க்கை விண்டோஸ் லேப்டாப்பில் செருகினால் 1.81 டி.பி. என்றுதான் காட்டும். கடைக்காரர் ஏமாற்றவில்லை. கம்பெனி ஆயிரத்தின் மடங்கிலும் விண்டோஸ் 1,024-ன் மடங்கிலும் கணக்கிடுகின்றன. அதே சமயம், நம்பமுடியாத விலைக்கு '2 டி.பி. பென் டிரைவ்' என்று விற்பவற்றைத் தொடாதீர்கள். உள்ளே சில ஜி.பி. மட்டுமே இருக்கும். நிரம்பிய பிறகு எழுதுவதெல்லாம் பழையதை அழித்துவிடும். ரிச்சி தெருவில் வாங்கினாலும் ஆன்லைனில் வாங்கினாலும் ஜி.எஸ்.டி. பில் அவசியம். வாரன்டி டிஸ்க்குக்கு மட்டும்தான், உள்ளே இருக்கும் போட்டோக்களுக்கு இல்லை என்பதும் நினைவிருக்கட்டும்.

பயன்பாட்டில்

பெரிய வீடியோ ஃபைல்கள் இரண்டிலும் விநாடிக்கு 100 எம்.பி.க்கு மேல் வேகத்தில் ஏறுகின்றன. 500 ஜி.பி. ஏற்ற ஒன்றரை மணி நேரம் போதும். அதுவே ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன போட்டோக்கள் என்றால் வேகம் பாதிக்கும் கீழே இறங்கிவிடுகிறது. முதல் முறை ராத்திரி போட்டுவிட்டுத் தூங்கப் போவதே நல்லது. மேஜையில் வைக்கும் பெரிய 3.5 அங்குல டிஸ்க்குக்குத் தனி அடாப்டர் வேண்டும், கரண்ட் போனால் நகலெடுப்பு பாதியில் நின்றுவிடும். நான் வாங்கிய இரண்டும் லேப்டாப்பின் யு.எஸ்.பி.யிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்வதால் அந்தத் தொல்லை இல்லை.

இரண்டுக்கும் பொதுவான பலவீனம் கேபிள் செருகும் அகலமான பழைய துளை. லேசாக அசைந்தாலே தொடர்பு அறுந்துபோகலாம். சுழலும் தட்டு உள்ளதால் ஓடும்போது அடிபடக் கூடாது. மெத்தை மீது வைக்காதீர்கள், 'எஜெக்ட்' கொடுக்காமல் பிடுங்காதீர்கள். விண்டோஸும் மேக்கும் உள்ள வீட்டில் முதலிலேயே எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மேட் செய்துவிடுங்கள்.

சாம்சங் டி7 போன்ற எஸ்.எஸ்.டி. பல மடங்கு வேகம், கீழே விழுந்தாலும் தாங்கும். ஆனால் விலை அதிகம். மின்சாரமே இல்லாமல் ஆண்டுக்கணக்கில் அலமாரியில் கிடந்தால் டேட்டா மங்கும் ஆபத்தும் உண்டு. எடுத்து வைத்துப் பாதுகாக்க ஹார்டு டிஸ்க்கே மேல்.

எங்கே வைப்பது?

2025 செப்டம்பரில் தென்கொரியாவின் தேஜான் நகரிலுள்ள அரசு டேட்டா மையம் தீப்பிடித்தது. அரசு ஊழியர்களின் 858 டி.பி. கோப்புகள் அழிந்தன. வெளியே நகல் வைக்கப்படவில்லை. ஒரே பீரோவில் இருக்கும் இரண்டு டிஸ்க்குகளும் அப்படித்தான், தண்ணீர் வந்தால் இரண்டும் சேர்ந்தே போகும்.

மூன்று நகல், இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறிடத்தில் என்ற பழைய விதியை நம் வாழ்க்கைக்கு எளிதாகப் பொருத்தலாம். ஒரு டிஸ்க் வீட்டில் மேல் பரணில் இருக்கட்டும். மற்றொன்று சொந்த ஊரில் அண்ணன் வீட்டிலோ அம்மா வீட்டிலோ இருக்கட்டும். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஊருக்குப் போகும்போது இரண்டையும் மாற்றிக்கொள்ளுங்கள். வெளியே வைப்பதற்குப் பாஸ்வேர்டு போடுங்கள். விண்டோஸ் புரோவில் பிட்லாக்கர் உள்ளது, மற்றவர்களுக்கு வெராகிரிப்ட் இலவசம். பாஸ்வேர்டு வீட்டில் இன்னொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

கூகுள் போட்டோஸ் இருக்கிறதே என்பீர்கள். 2021 ஜூன் முதல் அங்கே புதிய போட்டோக்கள் இலவச 15 ஜி.பி. கணக்கில் சேர்கின்றன. போனிலுள்ள அதன் ஆப்பில் அழித்தால் அங்கும் அழியும். மூன்றாவது நகலாக நல்லது, ஒரே நகலாக ஆபத்து. பேக்கப் முடிந்ததும் டிஸ்க்கைக் கழற்றிவிடுங்கள். ரான்சம்வேர் புகுந்தால் செருகியிருக்கும் டிஸ்க்கையும் சேர்த்துப் பூட்டிவிடும். அவ்வப்போது சில போட்டோக்களையும் ஒரு வீடியோவையும் வேறொரு கம்ப்யூட்டரில் திறந்து பாருங்கள். திறந்தால்தான் அது பேக்கப்.

தீர்ப்பு

சராசரிக் குடும்பத்துக்கு 2 டி.பி. போர்ட்டபிள் ஹார்டு டிஸ்க் சரியான அளவு. சீகேட், டபிள்யூ.டி. இரண்டில் எது என்று நீண்ட நேரம் யோசிக்க வேண்டியதில்லை, இரண்டும் வேலையை ஒழுங்காகச் செய்கின்றன. கையில் பணம் குறைவாக இருந்தால் இரண்டு 1 டி.பி. வாங்குங்கள். அளவைக் குறைக்கலாம், எண்ணிக்கையைக் குறைக்காதீர்கள்.