மூன்று சிவப்பு விளக்குகள்

என் தங்கை மகன் ஒருவன் இருக்கிறான். வேலைக்குப் போய்ச் சம்பாதிக்கிறவன்தான். ஆனால் இரவு பத்து மணிக்கு மேல் வீடியோ விளையாட்டுப் பெட்டியின் முன்னால் உட்கார்ந்துவிட்டானானால் அவனை எழுப்ப யாராலும் ஆகாது. நான் எழுதிய நாவல் எதையும் அவன் படித்ததில்லை. அதில் எனக்கு வருத்தம் உண்டு, அவனுக்கு இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் என்னிடம் வந்து, "மாமா, நாவல்களைப் பற்றியே எழுதி உங்களுக்கு அலுக்கவில்லையா? ஒரு படம் காட்டுகிறேன். பார்த்துவிட்டு அதைப் பற்றி எழுதுங்களேன்" என்றான்.

"விளையாட்டைப் பற்றி எனக்கு என்னடா தெரியும்?" என்றேன்.

"விளையாட்டைப் பற்றி எழுத வேண்டாம். கதையைச் சரியாகச் சொல்லியிருக்கிறார்களா என்று மட்டும் சொல்லுங்கள்" என்றான். அதற்கு நான் மறுப்புச் சொல்ல முடியவில்லை.

அவன் காட்டியது மைக்ரோஸாப்ட் நிறுவனம் தன் 'எக்ஸ்பாக்ஸ்' விளையாட்டு யந்திரத்தின் சரித்திரத்தைத் தானே எடுத்து, 2021 டிசம்பரில் வெளியிட்ட செய்திப் படம். 'பவர் ஆன்' என்று பெயர். மொத்தம் ஆறு பாகங்கள். அவற்றில் ஐந்தாம் பாகத்தின் தலைப்பைத் தமிழில் சொன்னால் 'மரணச் சிவப்பு வளையம்' என்று வரும். துப்பறியும் கதைக்கு வைக்கலாம் போன்ற தலைப்பு. விஷயமும் ஏறக்குறைய அப்படித்தான். ஒரு கொலை நடக்கிறது. கொலையாளி யார் என்று கொலை செய்தவருக்கே நெடுநாள் தெரியவில்லை.

நடந்தது இதுதான். 2005 நவம்பர் 22-ஆம் தேதி அமெரிக்காவில் எக்ஸ்பாக்ஸ் 360 விற்பனைக்கு வந்தது. விலை 299 டாலர், கூடுதல் வசதிகளோடு 399 டாலர். பெட்டியின் முகப்பில் பொத்தானைச் சுற்றி நான்கு துண்டுகளாக ஒரு விளக்கு வளையம். எல்லாம் சரியாக இருந்தால் அது பச்சையாக எரியும். வாங்கிச் சில வாரங்களிலோ சில மாதங்களிலோ பலருடைய வீட்டில் அந்த நான்கில் மூன்று துண்டுகள் சிவப்பாகக் கண்சிமிட்டத் தொடங்கின. அதன் பிறகு பெட்டி இயங்காது. கம்பெனிக் காகிதத்தில் அதற்குப் பெயர் 'பொதுவான வன்பொருள் கோளாறு'. வாங்கியவர்கள் வைத்த பெயர்தான் 'மரணச் சிவப்பு வளையம்'. இரண்டு பெயர்களில் எது இலக்கியம் என்று வாசகர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

முதலில் கம்பெனி இதைப் பெரிதாக ஒப்புக்கொள்ளவில்லை. நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து வரை பழுதாவது இந்தத் தொழிலில் சகஜம், தங்கள் கணக்கும் அதற்குள்தான் என்றார்கள். ஆரம்பத்தில் கொடுத்த உத்தரவாதம் 90 நாள். 2006 டிசம்பரில் அதை ஒரு வருஷமாக்கினார்கள். 2007 ஜூலை 5-ஆம் தேதிதான், மூன்று சிவப்பு விளக்குகளுக்கு மட்டும் மூன்று வருஷ உத்தரவாதம் என்று அறிவித்தார்கள். ஏற்கனவே காசு கொடுத்துப் பழுது பார்த்தவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தரவும் ஒப்புக்கொண்டார்கள். இதற்காக ஒதுக்கிய தொகை 105 முதல் 115 கோடி டாலர்.

படம் இதையெல்லாம் மறைக்கவில்லை என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். தன் செலவில் எடுக்கும் சுயசரிதையில் தன் அவமானத்துக்கு முழுதாக ஓர் அத்தியாயம் ஒதுக்குகிற நிறுவனங்கள் அதிகம் இல்லை. நம்முடைய பெரிய மனிதர்களின் சுயசரிதைகளில்கூட இதைக் காண்பது அரிது. கோளாறின் காரணத்தையும் தெளிவாகச் சொல்லுகிறார்கள். பெட்டியைப் போட்டால் உள்ளே சில்லு சூடாகிறது, அணைத்தால் ஆறுகிறது. சூட்டில் விரிவதும் குளிரில் சுருங்குவதும் ஒவ்வொரு பொருளுக்கு ஒவ்வொரு அளவு. இந்த இழுபறியில், சில்லைப் பிடித்துக்கொண்டிருக்கும் நுண்ணிய பற்றவைப்புகள் மெல்ல மெல்ல விரிசல் விட்டு ஒரு நாள் அறுந்துபோகின்றன. ஆசையோடு தினமும் போட்டு அணைத்தவனுடைய பெட்டிதான் சீக்கிரம் செத்தது என்று இதற்குப் பொருள். இதைக் கேட்டபோது என் மனசு சற்றுக் கலங்கியது.

பிறகு கதை உச்சத்துக்குப் போகிறது. அப்போது அந்தப் பிரிவில் பொறுப்பிலிருந்த பீட்டர் மூர், நிறுவனத்தின் தலைவர் ஸ்டீவ் பால்மரிடம் கணக்கைக் கொண்டுபோகிறார். மூர் பிற்காலத்தில் பேட்டிகளில் சொன்னபடி, அந்தக் கணக்கில் பெட்டிகளை அனுப்பித் திருப்பிப் பெறுகிற செலவு மட்டுமே 24 கோடி டாலர். பால்மர் தயங்காமல் செய்யச் சொல்லிவிடுகிறார். வியாபாரம் பிழைக்கிறது. நல்ல நாடகக் கட்டம்தான், சந்தேகமில்லை. எனக்கும் பிடித்தது.

ஆனால் படம் முடிந்து விளக்கைப் போட்ட பிறகு எனக்கு ஒரு குறை உறுத்த ஆரம்பித்தது. பிரச்னையைக் கண்டு தவித்தவர்கள் நிறுவனத்தவர்கள். இரவெல்லாம் காரணம் தேடியவர்கள் நிறுவனத்தவர்கள். துணிந்து முடிவெடுத்தவர்களும் நிறுவனத்தவர்கள். பெட்டியைக் காசு கொடுத்து வாங்கியவன் என்ன ஆனான்? கூட்டமாக அவன் வருகிறான், புகாராக வருகிறான், நூற்றுக்கு இத்தனை என்று கணக்காக வருகிறான். முகமுள்ள பாத்திரமாக அவன் என் மனத்தில் நிற்கவில்லை. ஒரு நாவலில் வைத்தியர் தவிப்பதை ஐம்பது பக்கம் எழுதிவிட்டு, படுத்திருக்கும் நோயாளியின் பெயரைச் சொல்லாமல் விட்டால் வாசகர் சும்மா இருப்பாரா?

இத்தனைக்கும் இந்தக் கதையில் சுவாரஸ்யமெல்லாம் வாங்கியவர்கள் பக்கத்தில்தான் இருக்கிறது. என் மருமகன் அவற்றை ஒவ்வொன்றாகச் சொன்னான்.

முதலாவது, துண்டு வைத்தியம். செத்த பெட்டியைக் கனமான குளியல் துண்டுகளால் காற்றுப் புகாமல் சுற்றி, போட்டு வைத்துவிடுவது. உள்ளே சூடு ஏறும். கொஞ்ச நேரம் கழித்துத் துண்டைப் பிரித்து, ஆறவிட்டுப் போட்டால் சில பெட்டிகள் உயிர் பெற்று எழுந்தன. சில நாள் ஓடிவிட்டு மறுபடி விழுந்தன. நெருப்புப் பிடிக்கக்கூடிய அபாயமான காரியம். யந்திரத்துக்கும் அது கெடுதல். இருந்தும் ஊர் ஊராக ஜனங்கள் இதைச் செய்தார்கள்.

இதைக் கேட்டபோது நான் சிரிக்கவில்லை. என் சிறு வயதில் எங்கள் வீட்டில் ஒரு வானொலிப் பெட்டி இருந்தது. யார் செய்தது என்பது வேண்டாம். அது நடுப் பாட்டில் ஊமையாகிவிடும். என் தகப்பனார் எழுந்து போய் அதன் தலையில் இடது பக்கமாக ஓர் அடி கொடுப்பார், உடனே பாடும். வேறு யார் அடித்தாலும் பாடாது. அந்த அடியில் அவருக்கு ஒரு பெருமையே இருந்தது. கடைக்காரனிடம் கொண்டுபோய்ச் சண்டை போடுங்கள் என்று அம்மா எத்தனையோ முறை சொல்லியும் அவர் போகவில்லை. ஏமாந்துபோனோம் என்று ஒப்புக்கொள்வதைவிட, இதன் சூட்சுமம் எனக்குத் தெரியும் என்று சொல்லிக்கொள்வது மனிதனுக்குச் சுலபமாக இருக்கிறது. துண்டு சுற்றியவர்களும் என் தகப்பனாரின் ஜாதிதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

இரண்டாவது கூட்டம், திருப்புளி எடுத்தவர்கள். குளிர்விக்கும் கட்டியைப் பலகையோடு அழுத்திப் பிடிக்கும் பெருக்கல் குறி வடிவக் கவ்வியைக் கழற்றி எறிந்துவிட்டு, திருகாணியும் வளையமும் போட்டு இறுக்கினார்கள். பெட்டியைத் திறந்தாலே உத்தரவாதம் போய்விடும் என்று தெரிந்தும் திறந்தார்கள். கம்பெனியின் வாக்கைவிடத் தன் கைத்திறனை நம்பியவர்கள் இவர்கள். இன்னும் சிலர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். யந்திரம் வெளிவந்த மறு மாதமே, 2005 டிசம்பரிலேயே, ஒருவர் வழக்குத் தொடுத்துவிட்டார்.

மூன்றாவது கூட்டம்தான் பெரியது, பொறுத்திருந்தவர்கள். பழுதான பெட்டியை வைத்து அனுப்பக் கம்பெனி ஒரு காலி அட்டைப் பெட்டியை அனுப்பிவைக்கும். அதற்கு ஜனங்கள் வைத்த பெயர் 'சவப்பெட்டி'. அது வரும்வரை ஒரு காத்திருப்பு. அதில் வைத்து அனுப்பிய பிறகு இன்னொரு காத்திருப்பு. இதை இரண்டு முறை, மூன்று முறை அனுபவித்தவர்கள் உண்டு.

நான்காவதாக அவன் சொன்னது ஒரு தனி மனிதனின் கதை. 2008-இல் அமெரிக்காவில் பத்திரிகைகளில் வந்தது. ஓர் இளைஞன் தன் பெட்டியின் மேல், தனக்குப் பிடித்த விளையாட்டுகளைச் செய்தவர்களிடமெல்லாம் கையெழுத்தும் சித்திரமும் வாங்கி வைத்திருந்தான். பெட்டி பழுதாயிற்று. கையெழுத்துகளைப் பற்றி ஒரு குறிப்பெழுதி வைத்து, இதே பெட்டியைத்தான் திருப்பித் தர வேண்டும் என்று கேட்டு அனுப்பினான். பெட்டி திரும்பி வந்தது, எல்லாக் கையெழுத்துகளும் சுத்தமாகத் துடைக்கப்பட்டு. யாரோ ஓர் ஊழியர் தன் வேலையை மிகவும் ஒழுங்காகச் செய்திருக்கிறார். செய்தி பரவிய பிறகு அவனுக்கு ஈடு செய்ய முயன்றார்கள் என்பது வாஸ்தவம். ஆனால் அந்தப் பெட்டியை மேஜைமேல் வைத்துத் திறந்த முதல் நிமிஷத்துக்கு ஈடு எது? 115 கோடி டாலர் பற்றிய காட்சியைவிட இந்த ஒரு நிமிஷத்தில் நாவலாசிரியனுக்கு வேலை அதிகம்.

இனி, படம் ஏறக்குறைய பதில் சொல்லிவிட்டதாக நினைக்கிற ஒரு கேள்வி. இவ்வளவு பட்டும் ஜனங்கள் ஏன் விட்டுப்போகவில்லை? ஸ்கொயர்டிரேடு என்ற உத்தரவாத நிறுவனம் 2009-இல் 16,000-க்கு மேற்பட்ட யந்திரங்களை ஆராய்ந்து ஒரு கணக்கு வெளியிட்டது. இரண்டு வருஷத்துக்குள் பழுதானவை எக்ஸ்பாக்ஸ் 360-இல் நூற்றுக்கு 23.7, ஸோனியின் பிளேஸ்டேஷன் 3-இல் 10, நின்டெண்டோவின் வீ யந்திரத்தில் 2.7 மட்டுமே. நான்கில் ஒன்று கெட்டுப்போகிற சாமானை, கெடாத சாமான் பக்கத்துக் கடையில் இருக்கும்போது யார் வாங்குவார்கள்? ஆனால் வாங்கினார்கள். மொத்தத்தில் 8 கோடிக்கு மேல் விற்றது. கெட்டுப்போன பிறகு கடைக்குப் போய் அதையே இரண்டாவது முறை வாங்கினவர்களும் உண்டு.

இவர்கள் முட்டாள்கள் என்று சிலர் சொல்லுவார்கள். அது சோம்பேறி விமரிசனம். நிறுவனம் தாராளமாக நடந்துகொண்டதால் மன்னித்தார்கள் என்பது படத்தின் கட்சி. அதில் பாதி உண்மை. மறுபாதியை என் மருமகன் சாதாரணமாகச் சொல்லிவிட்டான்: "பெட்டி போனால் போகிறது மாமா. சிநேகிதர்கள் எல்லாம் அதற்குள்ளேதானே இருந்தார்கள்!"

எனக்கு விஷயம் விளங்கியது. அந்த யந்திரம் இணையத்தின் வழியாக வெவ்வேறு ஊர்களில் இருந்தவர்களை ஓர் இரவில் ஒன்றுசேர்த்து விளையாட வைத்தது. ஒருவன் வேறு கம்பெனி யந்திரத்துக்கு மாறினால் அவன் மட்டும் மாறுவான். அவனுடைய கூட்டாளிகள் பழைய இடத்திலேயே இருப்பார்கள். 2007 செப்டம்பரில் 'ஹேலோ 3' வந்தபோது எல்லோரும் கூடியது அங்கேதான். திண்ணையில் சீட்டாடக் கூடுகிறவர்கள், திண்ணையில் ஓட்டு ஒழுகுகிறது என்பதற்காகச் சீட்டுக் கச்சேரியைக் கலைப்பதில்லை. வீட்டுக்காரரைத் திட்டிக்கொண்டே ஒதுங்கி உட்காருவார்கள். வீட்டுக்காரர் அதைத் தம்மேல் உள்ள பிரியம் என்று நினைத்துக்கொள்ளலாம். நினைத்துக்கொள்வதில் அவருக்கு லாபமும் உண்டு. ஆனால் அது உண்மையல்ல. ஜனங்கள் பொறுத்தது ஒருவருக்கொருவர் கொண்ட பிரியத்தால். அந்தப் பிரியத்தின் பலனை அனுபவித்தது கம்பெனி. இதைப் படம் சொல்லியிருந்தால் அது பெரிய படமாகியிருக்கும்.

இதை நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. மன்னிப்புக் கேட்டவரின் துணிச்சலை மட்டும் சொல்லி, மன்னித்தவர்களைச் சொல்லாமல் விட்டால், நாளைக்கு இன்னொரு நிறுவனம் இதிலிருந்து படிக்கிற பாடம் வேறாகிவிடும். அவசரப்பட்டுச் சந்தைக்குக் கொண்டுவா, பணத்தை ஒதுக்கி வைத்துக்கொள், பிறகு பெருந்தன்மையாகச் சரிசெய் என்று அது படிக்கும். எல்லாருடைய வாடிக்கையாளர்களும் இவர்களைப் போலக் காத்திருப்பார்கள் என்பது என்ன நிச்சயம்?

இன்னும் ஒரு விஷயம். 2010-இல் இதே யந்திரத்தின் மெலிந்த வடிவம் வந்தபோது அந்த வளையத்தில் சிவப்பு விளக்கையே எடுத்துவிட்டார்கள். புதிய அமைப்பு உறுதியானது என்பது வேறு விஷயம். ஆனால் பயமுறுத்திய நிறத்தையே அப்புறப்படுத்திவிட்டார்கள். பதினோரு வருஷம் கழித்து, படம் வந்த சமயத்தில், அதே மூன்று சிவப்பு விளக்குகளைச் சுவரொட்டியாக அச்சிட்டு விற்பனைக்கு வைத்தார்கள். விலை 24.99 டாலர்.

தன்னைத் தானே கேலி செய்துகொள்வது நல்ல குணம்தானே என்று என் மருமகன் வாதாடினான். நல்ல குணம்தான். ஆனால் அந்தக் கேலியை முதலில் செய்தவர்கள் வேறு யாரோ. கம்பெனி 'பொதுவான கோளாறு' என்று சொல்லிக்கொண்டிருந்த நாளில், இருட்டறையில் துண்டைச் சுற்றிவிட்டு உட்கார்ந்திருந்த எவனோ ஒருவன், அழுவதற்குப் பதிலாகச் சிரிக்கலாம் என்று வைத்த பெயர் அது. அந்தப் பெயரைத்தான் படத்தின் தலைப்பிலும் காண்கிறோம். அவனுக்கு ஒரு நன்றி சொல்லியிருக்கலாம்.

"அப்படியானால் படம் நன்றாக இல்லையா?" என்று கேட்டான் மருமகன்.

"நன்றாகத்தான் இருக்கிறது. வீட்டுக்காரர் சொன்ன கதை. குடியிருந்தவர்கள் சொல்லும் கதையையும் யாராவது எழுதினால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்" என்றேன்.

"நீங்கள்தான் எழுதுங்களேன், மாமா."

"எழுதினால் படிப்பாயா?" என்று கேட்டேன். அவன் பதில் சொல்லவில்லை. மணி பத்தாகிவிட்டிருந்தது.